சோற்றுப் பொட்டலத்தில் சிலுவையைத் தேடுவோர்!

விருத்தாசலத்துச் சூளைத் தொழிலாளியைக் கேளுங்கள், மண்ணின் குணத்தைச் சொல்வான். சுடாத பாண்டம் ஒரு மழைக்குக் கரையும். சுட்ட பாண்டம் நூறு மழைக்கு நிற்கும். மனிதரும் அப்படித்தான். வெந்தவர் யார், வேகாதவர் யார் என்பது வெள்ளம் வந்தால் விளங்கிவிடும்!

கடலூர் மாவட்டத்துக்கு வெள்ளம் புதிதன்று. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டிற்று. பண்ருட்டிக்கு அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் பாய்ந்த வெள்ளம், வீடுகளோடு உயிர்களையும் வாரிச் சென்றது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கருகே கரையேறிற்று. இரண்டே நாளில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் தென்பெண்ணையில் சீறிப் புறப்பட்டது. படுத்திருந்த பாயும் பானையில் இருந்த அரிசியும் பறிபோயின.

அத்தகைய வேளைகளில் சேற்றிலே இறங்கியவர்கள் பலர். அரசு ஊழியர் இறங்கினர், கட்சித் தோழர் இறங்கினர், மாணவர் இறங்கினர். 2004 ஆழிப்பேரலையின்போது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்கு உணவும் உறைவிடமும் தந்தனர். புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தின் சமூகப் பணிச் சங்கம் அன்றும் வந்தது, 2015 வெள்ளத்திலும் வந்தது. தேவாலயத் தொண்டர்கள் போர்வை சுமந்தார்கள், பால்மாவு சுமந்தார்கள், சோற்று அண்டா சுமந்தார்கள்.

உடனே ஒரு கூட்டம் அலறுகிறது: "ஐயையோ! மதம் மாற்ற வந்துவிட்டார்கள்!"

மேடைக் காட்சியாகவே இதைக் கற்பனை செய்து பாருங்கள். முழங்கால் நீரில் ஒரு தெரு. திண்ணையிலே நனைந்த கிழவி. கையிலே சோற்றுப் பொட்டலம். நெற்றி நிறையப் பொட்டோடு ஒருவன் வருகிறான்.

"ஆயா! இதைக் கொடுத்தவன் யார் தெரியுமா? கிறிஸ்தவன்!"

"அப்படியா தம்பி? நீ என்ன கொண்டாந்தே?"

"எச்சரிக்கை கொண்டுவந்திருக்கிறேன்!"

"அதைத் தின்ன முடியாதே தம்பி!"

திரை விழட்டும், தோழர்களே. கிழவியின் கேள்விக்கு அந்தக் கூட்டம் இன்னும் விடை சொல்லவில்லை!

நான் பகுத்தறிவு வழி வந்தவன். கோயில் மணிக்கும் எழுந்திருப்பதில்லை, ஆலய மணிக்கும் எழுந்திருப்பதில்லை. ஆயினும், பசித்தவன் இலையிலே சோறு விழும் ஓசைக்கு எழுந்து நின்று வணங்குவேன். இந்த மண்ணின் மரபு அது. இதே மாவட்டத்து வடலூரிலே 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு, வந்தவன் சாதி கேட்டதுமில்லை, சமயம் கேட்டதுமில்லை. விருத்தாசலம் கோயிலில் அம்மனுக்குப் பெயர் பெரியநாயகி. அதே வட்டாரத்துக் கோணான்குப்பத்தில், இத்தாலியிலிருந்து வந்து தமிழுக்குச் சதுரகராதி தந்த வீரமாமுனிவர் எழுப்பிய ஆலயத்தில், மரியாளுக்குப் பெயரும் பெரியநாயகி! பெயரையே பகிர்ந்துகொண்ட மக்களிடமா பிரிவினை விதைக்கிறீர்கள்?

"அரிசிக்கு மதம் மாறியவர்கள் உண்டே, சரித்திரம் இல்லையா?" என்கிறார்கள். உண்டு, மறைக்கமாட்டேன். 1876–78 பஞ்சத்தில் திருநெல்வேலிச் சீமையிலே ஆயிரக்கணக்கானோர் கிறிஸ்தவரானார்கள். மாகாணம் பட்டினியில் மாய்ந்துகொண்டிருக்க, 1877 ஜனவரி முதல் நாள் டில்லியிலே தர்பார் நடத்தி, விக்டோரியாவைப் பேரரசி என்று முழங்கினார் லிட்டன் பிரபு. ஊரிலே இருந்த உயர்ந்தவர்களோ, கிணற்றருகே வராதே என்றார்கள். சாத்திய கதவின் முன் சாகாமல், திறந்த கதவுக்குள் நுழைந்தான் ஏழை. நுழைந்தவனை ஏசுகிறாயே, சாத்தியவனை என்றைக்காவது ஏசினாயா? 2004-ல் நிவாரண முகாம்களிலேயே தாழ்த்தப்பட்டோர் ஒதுக்கப்பட்டனரே, அன்று உன் வாய் எங்கே போயிற்று?

டில்லியின் திருவிளையாடலையும் கேளுங்கள். 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது: நன்கொடை பெற்ற நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கலாகாதாம்! பெருநகர நிறுவனத்தை நம்பியிருந்த சிற்றூர்த் தொண்டு அமைப்பின் குரல்வளை நெரிக்கப்பட்டது. 2021-ல், அதுவும் கிறிஸ்துமஸ் நாளன்று, அன்னை தெரசா நிறுவிய சபைக்கு உரிமம் புதுப்பிக்க மறுத்தார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு 2022 ஜனவரியில் கொடுத்தார்கள்.

சரி, பிறர் கையைக் கட்டியவர்கள் தம் கையையாவது நீட்டினார்களா? ஃபெஞ்சல் அழிவுக்குத் தமிழகம் கேட்டது 6,675 கோடி ரூபாய். ஆண்டுதோறும் வரவேண்டிய பேரிடர் நிதிப் பங்கான 944 கோடியைப் புயலுக்குப் பின் அனுப்பினார்கள். தேசியப் பேரிடர் நிதியிலிருந்து 2025 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது 522 கோடி!

திருமுதுகுன்றத்திலே பெற்ற பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றிலே போட்டுத் திருவாரூர்க் குளத்திலே எடுத்தாராம். புராணம் சொல்கிறது. நாமும் வரிப்பொன்னை டில்லி என்னும் ஆற்றிலே போடுகிறோம். எந்தக் குளத்திலே தேடுவது? கொடுக்கவேண்டியவன் கொடுக்காத வெட்கத்தை மறைக்கத்தான், கொடுத்தவன் கழுத்திலே சிலுவை தேடுகிறார்கள்!

திருச்சபையாருக்கும் ஒரு சொல். அரிசியோடு துண்டுப் பிரசுரம் வைக்காதீர்கள். பசித்தவன் மனத்தைப் பசியின்போது கேட்பது அறமாகாது. சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களிலே நிற்கும் சாதிச் சுவரையும் இடியுங்கள்.

நமக்கும் ஒரு சொல். 2015-ல் நிவாரணப் பொட்டலத்தின்மேல் தலைவியின் படம் ஒட்டப்பட்டபோது சிரித்தோமே, நம் கொடியை நாமும் அதன்மேல் ஒட்டலாமா? அடுத்த மழைக்கு, கொடியை மடித்து வைத்துவிட்டு அண்டாவைத் தூக்குங்கள். பாதிரியார் ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் நீங்கள் பிடியுங்கள். தண்ணீர் வடிந்ததும், நிவாரணப் பட்டியலில் விடுபட்ட வீட்டின் பெயரோடு தாலுகா அலுவலக வாசலிலே நில்லுங்கள். சோறு தந்தவருக்கு நன்றி சொல்வோம். இழப்பீடு மட்டும் நம் உரிமை, அதை எவரிடமும் இரந்து பெறமாட்டோம்!

வெறுப்பு சுடாத மண், தோழர்களே! அதை வெள்ளத்திலே விடுங்கள், கரையட்டும்!