டாலருக்காகப் போனவன் என்று சொல்லாதீர்கள்

ஐ.நா. அமைதிப்படைக்குப் போன சிப்பாயைப் பற்றி நம் ஊர்ப்பக்கம் ஒரு பேச்சு உண்டு. "அவனா கேட்டு வாங்கிக்கிட்டுப் போனான், டாலர் சம்பாதிக்கப் போனான்" என்பார்கள். கோயில் மண்டபத்திலும் கேட்டிருக்கிறேன், பென்ஷன் வரிசையிலும் கேட்டிருக்கிறேன். நல்லபடியாகத் திரும்பி வந்தவனைச் சொன்னால் ஏதோ பொறாமை என்று விட்டுவிடலாம். பெட்டியில் வந்தவனையும் இப்படியே சொல்கிறார்கள். அதுதான் பொறுக்கவில்லை. இருபத்து நான்கு வருஷம் பட்டாளத்தில் குமாஸ்தாவாக இருந்து போஸ்டிங் தாள்களோடு காலம் தள்ளியவன் என்பதால் இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் "கேட்டு வாங்கிக்கிட்டு" என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். ஐ.நா.வுக்கென்று சொந்தப் படை கிடையாது. ஒரு நாட்டுக்குப் படை தேவைப்பட்டால் அது உறுப்பு நாடுகளின் அரசுகளைத்தான் கேட்கும். நம் அரசு சம்மதித்தால் ராணுவத் தலைமையகம் ஒரு பட்டாலியனைத் தேர்ந்தெடுக்கும். ஆர்டர் வந்துவிட்டால் அந்தப் பட்டாலியன் போகிறது, அவ்வளவுதான். மருத்துவப் பரிசோதனை, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, பயிற்சி, பிறகு விமானம். ஒரு சிப்பாய் நேராக ஐ.நா.வுக்கு மனுப் போட்டு அமைதிப்படையில் சேர வழியே இல்லை. அப்படிச் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அவன் மோசடிக்காரன்.

தனி ஆளாகப் போகிறவர்களும் உண்டு. ராணுவப் பார்வையாளர்கள், தலைமையக அதிகாரிகள் என்று அவர்களைச் சொல்வார்கள். இவர்கள் அதிகாரிகள். பேர் கொடுக்கலாம், கோர்ஸ் முடிக்கலாம், தேர்வாகலாம். 2000-ல் டெல்லியில் இதற்கென்றே ஒரு பயிற்சி மையம் தொடங்கினார்கள். பார்வையாளராகப் போகிறவர் கையில் துப்பாக்கிகூட இருக்காது. ஆக, "விருப்பப்பட்டுப் போனார்" என்ற சொல் பொருந்துவது பெரும்பாலும் இந்தச் சிலருக்குத்தான். பட்டாலியனோடு போன நூற்றுக்கணக்கான சிப்பாய்களுக்கு அது கட்டளை.

அடுத்தது டாலர். ஒரு சிப்பாய்க்கு மாதம் 1,400 டாலருக்கு மேல் ஐ.நா. கொடுக்கிறது, உண்மை. ஆனால் அது அவன் பையில் விழுவதில்லை, அவன் நாட்டு அரசின் கணக்குக்குப் போகிறது. ஐ.நா. நேரடியாக அவன் கையில் கொடுப்பது ஒரு நாளைக்கு 1 டாலர் 28 சென்ட். லீவு நாளுக்கு மட்டும் பத்தரை டாலர், அதுவும் ஆறு மாதத்தில் பதினைந்து நாளுக்குத்தான். நம் அரசு சம்பளத்தோடு ஒரு படியும் சேர்த்துத் தருகிறது. அது குடும்பத்துக்குப் பெரிய உதவிதான், மறுக்கவில்லை. தங்கை கல்யாணமும் வீட்டுக் கடனும் அதில் முடிந்திருக்கின்றன. துபாய்க்குப் போய்ச் சம்பாதிப்பவனை "உழைப்பாளி" என்கிற வாய், காங்கோவில் காவல் நிற்பவனை "காசுக்குப் போனவன்" என்பது என்ன நியாயம்?

அந்தக் காங்கோவிலேயே 1961 டிசம்பர் 5-ம் தேதி கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா விழுந்தார். எலிசபெத்வில் நகரில் சாலை மறிப்பை உடைக்க, பதினாறு கூர்க்கா வீரர்களோடு, தங்களைவிடப் பல மடங்கு இருந்த எதிரிகள் மேல் பாய்ந்தார். வயது 26. ஐ.நா. பணியில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். பழைய கதை என்பீர்கள். 2013 ஏப்ரலில் தெற்கு சூடானில் வண்டிகளுக்குக் காவல் போன நம் வீரர்கள் ஐந்து பேரைப் பதுங்கியிருந்து சுட்டார்கள். அதே டிசம்பரில் அங்கே அகோபோ முகாமில் அடைக்கலம் தேடி வந்த ஜனங்களைக் காக்க நின்ற இருவர் செத்தார்கள். இதுவரை 2 லட்சத்து 90 ஆயிரத்துக்கும் அதிகமான இந்தியர்கள் இந்தப் பணிக்குப் போயிருக்கிறார்கள். சுமார் 180 பேர் திரும்பவில்லை. வேறெந்த நாடும் இத்தனை பேரை இழக்கவில்லை.

"அமைதிப்படை" என்றதும் நம்மவர்களுக்கு 1987-ல் இலங்கை போன படைதான் ஞாபகம் வரும். அது ஐ.நா. படை இல்லை, இரண்டு அரசுகள் செய்த ஒப்பந்தத்தின்படி போனது. அந்த அரசியலுக்குள் நான் வரவில்லை. ஆனால் அங்கே மாண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களிடம் "வருகிறாயா" என்று கேட்டவர் யார்? அந்த நவம்பரில் அங்கே உயிர்விட்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் கட்டளைக்குப் போனவர்தான்.

கடல் தாண்டச் சிப்பாயின் சம்மதம் வேண்டுமா என்ற கேள்வி கம்பெனி காலத்திலேயே வந்தது. நம் மதராஸ் சிப்பாய்கள் கப்பலேறி பர்மாவுக்குப் போனார்கள். வங்காளப் படையில் கடல் கடப்பதற்கு எதிர்ப்பு இருந்தது. அதனால் 1856-ல் ஒரு சட்டமே போட்டார்கள்: இனிச் சேருகிறவன் எங்கே அனுப்பினாலும் போக வேண்டும். அன்றிலிருந்து சிப்பாயின் சம்மதம் என்பது சேரும் நாளில் போடும் ஒரே கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது.

கட்டளை இல்லாமல் பட்டாளம் நடக்காது, அது எனக்கும் தெரியும். ஆனால் இது எல்லையில் நடக்கும் போர் இல்லை, முன்கூட்டியே தேதி குறித்துப் போகும் பணி. கொஞ்சம் கேட்டுச் செய்யலாம். வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா இருப்பவனும், பிரசவத்துக்கு நாள் நெருங்கிய மனைவி உள்ளவனும் ஒரு வருஷம் விலக்குக் கேட்டால், அதை அவன் மேல் கறையாக எழுதக் கூடாது. போக ஆசைப்படும் டிரைவர், மெக்கானிக், நர்சிங் உதவியாளர் பேர் கொடுக்க, அதிகாரிகளுக்கு இருப்பதுபோல் எல்லா யூனிட்டிலும் நோட்டீஸ் போர்டில் தெரிகிற வழி வேண்டும். நான் பணியில் இருந்தவரை, இந்தச் செய்தி சிப்பாயின் காதுக்கு வருவதற்குள் பட்டியல் முடிந்திருக்கும். அவன் போகும் நாடு எது, ஆபத்து என்ன, ஏதாவது ஆனால் யாரிடம் போவது என்று பெண்டாட்டிக்கும் பெற்றோருக்கும் அவரவர் மொழியில் ஒரு தாள் கொடுத்தால் அரசுக்கு என்ன செலவாகிவிடும்?

இதெல்லாம் டெல்லி செய்ய வேண்டியது. நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் தெருவில் ஐ.நா. பணிக்குப் போய்வந்தவன் இருந்தால், எவ்வளவு கொண்டுவந்தாய் என்று கேட்காதீர்கள். எந்த நாட்டில் இருந்தாய், அங்கே ஜனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். திரும்பி வராதவன் வீட்டுக்குப் போனால், டாலர் பேச்சை வாசலுக்கு வெளியேயே விட்டுவிட்டுப் போங்கள்.