பளபளக்கும் சுரண்டல்

கார் வாங்கிய ஆறாம் மாதம் நம் ஆட்களுக்கு ஒரு நோய் வருகிறது. மத்தியான வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குகிறவர், பானெட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிடுகிறார். கறுப்பு பெயின்ட்டில் சூரியன் விழுந்த இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள். ‘எவனோ கம்பி நாரால தேய்ச்சிட்டான் சார்!’ என்று பதறுகிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலிஷ் கடையில் நிற்கிறார். சில ஆயிரங்களைக் கொடுத்துவிட்டு, கண்ணாடி மாதிரி வண்டியோடு வீடு திரும்புகிறார். ஆறு மாதத்தில் மறுபடியும் சிலந்தி. மறுபடியும் கடை.

பாலிஷ் ‘போட்டேன்’ என்றுதான் சொல்கிறோம். பவுடர் போட்டேன், மை போட்டேன் என்கிற மாதிரி. மொத்த ஏமாற்றமும் அந்த ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது. பாலிஷில் எதையும் போடுவதில்லை ஐயா. எடுக்கிறார்கள்.

முதலில் அந்தச் சிலந்தி வலையைப் பார்ப்போம். அது வட்டமே இல்லை. வீட்டில் பழைய எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து பல்புக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். பல்பின் பிம்பத்தைச் சுற்றிக் கோடுகள் வட்டமாகச் சுழலும். தட்டை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது. நிழலில் நிறுத்தினால் காணாமல் போய்விடும்.

கீறியது யார்? பெரும்பாலும் நாம்தான். தாராசுரத்தில் கோயிலுக்கு வெளியே கார் நிற்கிறது என்று வையுங்கள். டிரைவர் சும்மா இருப்பாரா? சீட்டுக்கு அடியிலிருந்து பழைய பனியனை எடுத்து, தண்ணீர் கூட விடாமல், பானெட்டைச் சுற்றிச் சுற்றித் துடைப்பார். வண்டி பளிச்சென்று இருந்தால்தானே முதலாளிக்குப் பிடிக்கும்! பானெட்டில் இருப்பது வெறும் தூசியா? மணல் துகள். மணல் என்றால் சிலிக்கா. சாதாரண இரும்பை விடக் கடினமானது.

நம் டெல்டாவில் இது இரண்டு மடங்கு. தை, மாசியில் சம்பா அறுவடை. ரோட்டில் பாதியை நெல் அடைத்துக் காய்கிறது. அறுவடை எந்திரம் வயலில் இறங்கினால் தெருவெல்லாம் உமியும் சுணையும். நெல் பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி உடம்பில் சேர்த்துக்கொள்கிற ஜாதி. தாள் கையை அறுப்பது அதனால்தான். உமியை எரித்தால் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாமல் சிலிக்கா. உமிக்கரியால் பல் தேய்த்து, வைக்கோல் பிரியும் சாம்பலும் வைத்துப் பாத்திரம் துலக்கிய பாட்டிகளுக்கு இது கெமிஸ்ட்ரி படிக்காமலேயே தெரியும். உமிக்கரி பூசுகிற பொருளா, தேய்த்து எடுக்கிற பொருளா என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கார் பாலிஷும் அதே உமிக்கரிதான். பளபளப்பான டப்பாவில், நூறு மடங்கு விலையில்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்ரான். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான். கம்பெனியிலிருந்து வருகிற காரின் பெயின்ட், அடிப்பூச்சு முதல் மேல்பூச்சு வரை எல்லாம் சேர்த்தே 100 முதல் 150 மைக்ரான். அதில் எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத ஒரு படலம். கிளியர் கோட் என்பார்கள். அது 35 முதல் 50 மைக்ரான். முடியை விட மெல்லிசு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கிக்கொண்டு கீழே இருக்கும் நிறத்தைக் காப்பாற்றுவது அதுதான்.

கீறலை எப்படிப் போக்குகிறார்கள்? கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை மூடுவதில்லை. சுற்றியுள்ள மேட்டையெல்லாம் பள்ளத்தின் மட்டத்துக்குச் சீவிவிடுகிறார்கள். தெருவில் ஒரு குழி இருந்தால், ஊரையே குழி ஆழத்துக்கு வெட்டி எடுத்துச் சமமாக்குவது மாதிரி. காம்பவுண்ட் போட்டு மெஷினால் ஒரு முறை அழுத்தித் தேய்த்தால் இரண்டு மூன்று மைக்ரான் போகலாம். ஆயுள் முழுக்க எட்டு, பத்து மைக்ரானுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது தொழில் தெரிந்தவர்களின் கணக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் போகிறவர் எத்தனை வருஷம் தாங்குவார் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அப்புறம் கூரையில் வெள்ளை வெள்ளையாகத் தேமல் மாதிரி உரியும். அதற்குப் பாலிஷ் கிடையாது. பெயின்ட் கடைதான்.

அம்பாசடர் காலத்தில் பாலிஷ் துணியில் காரின் கலரே ஒட்டிக்கொண்டு வரும். போவது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது மேலே இருக்கிற படலத்துக்கு நிறமே இல்லை. எடுக்கப்படுவது தெரியாது. தெரியாமல் எடுப்பதற்குத் தமிழில் என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும்.

பாலிஷ் தொழிலையே நான் திட்டவில்லை. கை பழகிய நல்ல தொழிலாளி, அளந்து பார்த்து, எடுக்க வேண்டியதை மட்டும் எடுத்தால், ஒரு காருக்கு ஒன்றிரண்டு தரம் அது நியாயமான வைத்தியம். நான் சொல்வது, வைத்தியத்தைத் தினசரிச் சாப்பாடாக்கி விற்கிறவர்களை.

அவர்களிடம் மூன்று வித்தை உண்டு. ஒன்று, எண்ணெயும் மெழுகும் கலந்த சமாச்சாரத்தைப் பூசிக் கீறலை நிரப்பிவிடுவது. நாலு வாஷில் எல்லாம் கரைந்து கீறல் எட்டிப் பார்க்கும். இரண்டு, வேகமாகச் சுழலும் மெஷினைத் தெரியாத பையன் கையில் கொடுப்பது. பழைய கீறல் போய், மெஷினே போட்ட புதுச் சுழி பானெட் முழுக்க நீளமாக ஆடும். மூன்று, ‘செராமிக் கோட்டிங் சார், 9ஹெச் ஹார்ட்னஸ்!’ வைரமே பத்துதானாம், இது ஒன்பதாம். அட, அந்த 9ஹெச் பென்சில் கணக்கு ஐயா! ஸ்கூல் பையன் ஹெச்பி பென்சில் வாங்குகிறானே, அதே வரிசையில் கடைசியாக இருக்கிற பென்சிலால் கீறிப் பார்க்கிற சோதனை. வைரத்துக்கு வைத்திருக்கிற அளவுகோல் வேறு. கோட்டிங்கினால் பிரயோஜனமே இல்லை என்று சொல்லவில்லை. தண்ணீர் ஒட்டாது, அழுக்கு சீக்கிரம் போகும். பனியனால் தேய்த்தால் அதுவும் கீறும்.

அதனால் கடைக்குப் போனால் இரண்டு கேள்வி கேளுங்கள். ‘பெயின்ட் கனம் அளக்கிற மீட்டர் இருக்கா?’ ‘எத்தனை மைக்ரான் எடுப்பீங்க?’ முழிக்கிறாரா, சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டுகிற கீறல் பாலிஷுக்கு அடங்காது. அடக்கப் போனால் படலமே போய்விடும். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தப் பனியனைத் தூக்கிப் போடுங்கள். நிழலில் நிறுத்தி, முதலில் நிறையத் தண்ணீர் விட்டு மண்ணை இறக்கி, ஷாம்பு தண்ணீருக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி. மைக்ரோஃபைபர் துணி. இதைச் செய்தால் பாதிக் கடைகளுக்கு வேலை இருக்காது. எந்தக் கடையாவது இதைச் சொல்லித் தருமா?

‘என் கார், என் காசு, நான் சுரண்டிக்கிறேன், உனக்கென்ன?’ என்று ஒரு வாசகர் கேட்பது காதில் விழுகிறது. ரொம்ப நியாயம். கார் பத்துப் பதினைந்து வருஷத்தில் காயலான் கடைக்குப் போகிற சாமான். சுரண்டிக்கொள்ளுங்கள். ஆனால் இதே புத்தியோடு நாம் கோயிலுக்குள் நுழைந்தோமே, அதற்குத்தான் இந்தப் பக்கம் முழுக்க.

கும்பாபிஷேகம் என்றால் கோயில் புதுசாகத் தெரிய வேண்டும் என்று நமக்கு ஆசை. எண்ணெய்ப் பிசுக்கும், கரியும், பழைய சுண்ணாம்பும் ஏறிய கருங்கல்லைச் சுத்தம் செய்ய ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். சாண்ட் பிளாஸ்டிங். கம்ப்ரஸரில் காற்றை அடைத்து, மணலைக் குழாய் வழியாகக் கல்லின் மேல் பீய்ச்சி அடிப்பது. தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில்களில் இது நடந்தது. கல் வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கூடவே சிற்பத்தின் மூக்கு முனையும், விரல் நகமும், உளி கடைசியாக விட்டுப் போன தடமும் தூசியாகப் பறந்ததை யாரும் பார்க்கவில்லை.

கல்வெட்டு என்ன ஆழம் இருக்கும்? சில மில்லிமீட்டர். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள் இன்றைக்கும் நமக்குத் தெரியும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சாதாரணப் பெண்கள். ஆளாளுக்கு வீடு எந்தச் சிறகில் என்பது வரை தெரியும். வேறு எந்த ஓலையிலும் இல்லை. கல்லில் மட்டும்தான் இருக்கிறது. அந்த மாதிரிக் கல்வெட்டு உள்ள ஒரு சுவரின் மேல் மணல் அடித்தால், போவது அழுக்கு இல்லை. ஆள்.

அடிக்கிறவர் கதி? சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது. பிரிட்டனில் மணலை வைத்து இப்படி அடிப்பதை 1950லேயே நிறுத்திவிட்டார்கள். அங்கே தொழிலாளியின் நுரையீரலுக்காக நிறுத்தியதை, இங்கே சாமியின் முகத்துக்காகக் கூட நிறுத்த நமக்கு வெகுகாலம் ஆயிற்று. அறநிலையத் துறை பிற்பாடு இது கூடாது என்று தடை போட்டது. உயர் நீதிமன்றத்தின் கேள்விகளை ஒட்டித் தமிழகக் கோயில்களைப் பார்த்த யுனெஸ்கோ குழு, திருப்பணி நடக்கிற லட்சணத்தை 2017 அறிக்கையில் கடுமையாகவே குறை சொன்னது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களையும் புராதனச் சின்னங்களையும் காக்க 75 உத்தரவுகள் போட்டது. எல்லாம் சரி. தடை காகிதத்தில் இருக்கிறது. பளபளப்பு ஆசை மனசில் இருக்கிறது. மணல் போனால் வேறொரு மெஷின் வரும்.

இங்கிலாந்திலும் இதே வியாதி இருந்தது. பழைய சர்ச்சுகளைப் ‘புதுப்பிக்கிறேன்’ என்று சுவரைச் சுரண்டி மழமழவென்று ஆக்கினார்கள். 1877ல் வில்லியம் மோரிஸ் என்பவர் அதை எதிர்த்துப் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் ஆரம்பித்தார். அதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட செல்லப் பெயர், தமிழில் சொன்னால், ‘சுரண்டல் எதிர்ப்பு’. வேடிக்கை என்னவென்றால், மோரிஸ் ஒரு சோஷலிஸ்ட். தொழிலாளியைச் சுரண்டுவதையும் எதிர்த்தவர். இரண்டுக்கும் ஒரே வார்த்தை வைத்திருக்கும் தமிழில் அந்த ஆள் பிறந்திருக்க வேண்டும்.

தாராசுரத்துக்கு வாருங்கள். வெளியே நிற்கிற அத்தனை கார்களும் ஒரு பக்கம். உள்ளே ஒரு கல் தேர் நிற்கிறது, ராஜகம்பீரன் திருமண்டபம். சக்கரமும் குதிரையுமாக, 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் நிறுத்திவிட்டுப் போன வண்டி. மூலக் கோயிலின் அடித்தளத்தில் நாயன்மார் கதைகள், சின்னச் சின்னச் சிற்பங்களாக. யார் கதை என்று சொல்லக் குட்டி எழுத்தில் பெயர்கள். அந்த எழுத்துக்களுக்கு மேல் ‘கிளியர் கோட்’ எதுவும் கிடையாது. மேல்தோலே எழுத்துதான். தொல்லியல் துறை பாதுகாப்பில் இருப்பதாலும், 2004ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததாலும் தப்பித்து நிற்கிறது. தட்டினால் ஸ்வரம் பேசுகிற படிக்கட்டுக்கு அங்கே கம்பி அடைப்புப் போட்டிருக்கிறார்கள். நம் கையை நம்ப முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பட்டியலில் இல்லாத எத்தனையோ கிராமத்துச் சோழர் கோயில்களுக்குக் கம்பி அடைப்பும் இல்லை, காவலும் இல்லை. ஒரு திருப்பணிக் கமிட்டியும், நன்கொடையாளரின் கும்பாபிஷேக அவசரமும்தான் இருக்கின்றன.

‘அப்போ அழுக்கோட கிடக்கட்டுமா?’ என்று கோபிக்க வேண்டாம். கழுவுவது வேறு, சுரண்டுவது வேறு. கருங்கல்லின் எண்ணெய்ப் பிசுக்கைத் தண்ணீரும், மென்மையான சோப்புக் கரைசலும், மெத்தென்ற பிரஷ்ஷும் வைத்து, பொறுமையாக, அடி அடியாக எடுக்க முடியும். தொல்லியல் துறையின் ரசாயனப் பிரிவு பல வருஷமாகச் செய்கிற வேலைதான் இது. நாளாகும். கும்பாபிஷேகத் தேதி தள்ளிப் போகும். போகட்டுமே. 850 வருஷம் நின்ற கல்லுக்கு ஆறு மாதம் ஒரு விஷயமா?

அடுத்த தரம் யாராவது வந்து ‘பாலிஷ் போட்டுடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்’ என்றால், ‘எவ்வளவு போடுவீங்க’ என்று கேட்காதீர்கள். ‘எவ்வளவு எடுப்பீங்க’ என்று கேளுங்கள். கார் கடையில் கேளுங்கள். அதை விடச் சத்தமாக, உங்கள் ஊர்த் திருப்பணிக் கமிட்டியில் கேளுங்கள்.