‘ஆய்ங்க’ எங்கே போனாய்ங்க?

நம்ம ஊர் ஆங்கில வகுப்பில் பாஸிவ் வாய்ஸ் என்பது சாமான் இடம் மாற்றுகிற வேலை. பின்னால் இருக்கும் பெயரைத் தூக்கி முன்னால் போடு. நிகழ்காலமா, அம், இஸ், ஆர். இறந்தகாலமா, வாஸ், வேர். அதோடு வினையின் மூன்றாவது வடிவத்தைச் சேர். முன்னால் இருந்தவனுக்கு ‘பை’ மாட்டிக் கடைசிக்குத் தள்ளு. ‘ராமா கில்டு ராவணா’ என்பது ‘ராவணா வாஸ் கில்டு பை ராமா’ ஆகிவிடும். ஒரு மார்க். திருமங்கலம் பக்கம் நான் படித்த பள்ளியில் இப்படித்தான். இன்று அக்கா மகள் நோட்டைப் புரட்டினாலும் அதே ராவணன்தான் செத்துக்கொண்டிருக்கிறான்.

சூத்திரத்தில் தப்பில்லை. என் சண்டை அதற்கு அடியில் ஒட்டிக்கொண்டு வரும் குட்டி விதியோடு. செய்தவர் ‘சம்ஒன்’, ‘பீப்பிள்’ என்றால் ‘பை’யை விட்டுவிடலாமாம். ‘சம்ஒன் ஸ்டோல் மை பென்’ என்பது ‘மை பென் வாஸ் ஸ்டோலன்’. ஏன் விடலாம்? யாரென்று தெரியாததால் விடலாம். ஊருக்கே தெரியும் என்பதால் விடலாம். தெரிந்தும் சொல்ல மனசில்லாததாலும் விடலாம். இந்த மூன்றாவது காரணத்தை யாரும் போர்டில் எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் நிஜத்தில் நாம் படிக்கும் பாஸிவ் வாக்கியங்களில் பெரும்பாலானவற்றில் ‘பை’ இருக்காது. பரீட்சை கேட்பது அபூர்வமான வடிவத்தை. உலகம் புழங்குவதை நாம் விதிவிலக்கு என்று சொல்லிக்கொடுக்கிறோம்.

தமிழுக்கு வருவோம். மதுரை டீக்கடையில் எவனும் ‘அவர் வெட்டப்பட்டார்’ என்று சொல்ல மாட்டான். ‘வெட்டிப்புட்டாய்ங்க’ என்பான். பெயர் இல்லைதான். ஆனாலும் அந்த ‘ஆய்ங்க’வுக்குள் ஆட்கள் நிற்கிறார்கள், பன்மையில், கையில் அரிவாளோடு. தமிழ் வினைமுற்றின் விகுதி செய்தவனைப் பிடித்து வைத்திருக்கும். ‘வெட்டப்பட்டார்’ என்றதும் அது கட்சி மாறிவிடுகிறது. அந்த ‘ஆர்’ செத்தவருக்கு உரியது. வெட்டியவன் ஒருவனா, ஒன்பது பேரா, எதற்கும் வாக்கியத்தில் தடயம் இல்லை.

ஆங்கிலத்துக்காவது ஒரு நியாயம் உண்டு. பாதிக்கப்பட்டவரை வாக்கியத்தின் தலையில் வைக்க அதற்குப் பாஸிவ்தான் இயல்பான வழி. நமக்கு ‘ஐ’ உருபு இருக்கிறதே. ‘முருகேசனை வெட்டினார்கள்’ என்றாலே முருகேசன் முன்னால் வந்துவிடுகிறார், வெட்டியவர்களும் ‘ஆர்கள்’ளில் மாட்டிக்கொள்கிறார்கள். அப்படியும் நம் எழுத்துத் தமிழ் ‘படு’வைத் தேடிப்போவது பல நேரம் ஆளை மறைக்கத்தான். (மெழுகப்பட்ட திண்ணையையே எழுவாயாக்கி, அதுவே மெழுகியது போலப் பேசும் வழக்கைத் தொல்காப்பியம் ஏற்றுக்கொள்கிறது. திண்ணையோடு நின்றிருந்தால் எனக்கொன்றும் புகார் இல்லை.)

முருகேசன் என்று நான் சும்மா சொல்லவில்லை. மேலூர் அருகே மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. வென்று தலைவரானவர் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று அவரும் இன்னும் ஐந்து தலித்துகளும் ‘கொல்லப்பட்டனர்’. பேருந்தை மறித்து வெட்டியது, தலைவர் நாற்காலியில் ஒரு தலித் உட்காருவதைப் பொறுக்காத ஆதிக்கச் சாதிக் கும்பல். 2001இல் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. தீர்ப்பில் பெயர்கள் இருக்கின்றன. நம் பேச்சில் ‘மேலவளவு சம்பவம்’ என்று ஆகிவிட்டது. சம்பவத்துக்கு எழுவாயே தேவையில்லை, பாருங்கள்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் கதையும் இதுதான். 1996 முதல் பத்து ஆண்டுகள் அங்கே ‘ஊராட்சித் தேர்தல் முறையாக நடத்தப்படவில்லை’. மழையா, புயலா? தலித்துகளை வேட்புமனு போடவிடாமல் தடுத்தார்கள். மீறி யாரையாவது ஜெயிக்கவைத்தால் அது உடனே ராஜினாமா எழுதி வாங்கத்தான். 2006இல்தான் உருப்படியாகத் தேர்தல் நடந்தது.

இதைச் சொன்னதும் இணையத்து நண்பர்கள் ஆர்வெல்லைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆக்டிவ் முடிந்தால் பாஸிவைத் தொடாதே என்று 1946லேயே சொன்னாராம். சொன்னார்தான். அதே கட்டுரையில் அவரே பாஸிவைத் தாராளமாகப் புழங்கியும் இருக்கிறார். பாஸிவே கெட்டது என்பதும் இன்னொரு சோம்பேறிச் சூத்திரம். ஆங்கிலத்தில் மேலவளவை எழுதினால் நானும் முருகேசன் பெயரில்தான் தொடங்குவேன். ‘வாஸ் கில்டு’ என்றுதான் எழுதுவேன். அதற்குப் பிறகு முற்றுப்புள்ளி வைப்பதா, ‘பை’ போடுவதா என்பதில்தான் எழுதுகிறவனின் நேர்மை இருக்கிறது.

என் தொழிலில் ஆளை விடுவதற்கு நல்ல காரணமே உண்டு. சர்வர் விழுந்தால் ‘தப்பான கான்ஃபிக் ஏற்றப்பட்டது’ என்று எழுதுவோம். ஏற்றிய பையனைப் பலி கொடுத்தால் அடுத்த முறை எவனும் உண்மை பேச மாட்டான். ஆனால் அங்கேகூட ‘கிட் பிளேம்’ என்று தட்டினால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பெயர் வந்து நிற்கும். அதே ஆபீஸ் மெயில்களில் ‘தி இஷ்யூ வாஸ் அக்கர்ட்’ என்றும் வரும். ‘அக்கர்’ செயப்படுபொருள் குன்றிய வினை, அதற்குப் பாஸிவே கிடையாது. பொறியியல் படித்தவர்கள் இப்படி எழுதுவது ஏனென்றால், நமக்கு ‘வாஸ்’ஸும் மூன்றாம் வடிவமும் ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டை. செய்தது யார் என்ற கேள்வியோடு அதை யாரும் நமக்குக் கற்றுத்தரவில்லை.

‘சிலபஸ் முடிக்கவே நேரமில்ல, இதுல அரசியல் வேறயா தம்பி?’ என்று ஒரு ஆசிரியர் நண்பர் கேட்டார். சிலபஸுக்குள்ளேயே இடம் இருக்கிறது சார். ராவணனை விடுங்கள். போர்டில் இந்த ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதிப் போடுங்கள்: மேலவளவு வழக்குக் கைதிகள் 13 பேர் 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர். ‘வேர் ரிலீஸ்ட்’, இறந்தகாலம், பன்மை, எல்லாம் சரியாக இருக்கும். இதை ஆக்டிவுக்கு மாற்றச் சொல்லுங்கள். எழுவாய்க்குப் பிள்ளைகள் ‘சம்ஒன்’ என்று போட்டால் மார்க்கைக் குறையுங்கள். விடுவித்தது தமிழ்நாடு அரசு.