மண் செய்ததும் மனிதர் செய்ததும்: யாழ்ப்பாணக் குடாநாடு பற்றிய ஒரு கருத்துக்கு மறுப்பு

யாழ்ப்பாணத்தவரின் பெருமை பேசப்படும் மேடைகளிலும் விழா மலர்களின் முன்னுரைகளிலும் தவறாது இடம்பெறும் கருத்தொன்று உண்டு. குடாநாட்டு மண் வரண்ட மண். ஆறு இல்லை, மலை இல்லை. ஆதலால் அங்கு பிறந்தவன் கடும் உழைப்பாளியானான், சிக்கனக்காரனானான், நிலம் கைவிட்டபோது கல்வியைக் கைப்பற்றினான் என்பதே அக்கருத்து. கேட்போருக்கு அது இதமளிக்கிறது. புவியியலின் பெயரால் சொல்லப்படுவதனால் விஞ்ஞானத்தின் சாயலும் அதற்கு வந்துவிடுகிறது. ஆயினும் அது பிழையான கருத்தாகும். பிழை என்பதோடு விடயம் முடிந்துவிடவுமில்லை. குடாநாட்டுச் சமூகத்தின் ஒரு பகுதியினருக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த பிழை அது.

இயற்கைச் சூழலே மனித சமூகத்தின் போக்கை நிர்ணயிக்கிறது என்ற வாதம் மேலைநாட்டிற் பிறந்தது. ஜேர்மனியரான ராட்சலின் வழிவந்தோர் அதனை வளர்த்தனர். அமெரிக்கரான எல்ஸ்வர்த் ஹன்டிங்டன் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், காலநிலையைக் கொண்டே நாகரிகங்களைத் தரப்படுத்த முற்பட்டார். அத்தரப்படுத்தலில் முதலிடம் பெற்றவை வடமேற்கு ஐரோப்பாவும் அவர் வாழ்ந்த வடகிழக்கு அமெரிக்காவுமே என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? பல்கலைக்கழகப் புவியியற்றுறைகள் இவ்வாதத்தைக் கைவிட்டுப் பல தசாப்தங்கள் கடந்துவிட்டன. அங்கு கைவிடப்பட்ட பொருள் தமிழ் மேடையில் மட்டும் பழுதின்றிப் பாதுகாக்கப்படுகிறது.

இயற்கைக்கு எப்பங்கும் இல்லை என்பது இம்மறுப்பின் கருத்தன்று. சமூக உறவுகளைக் கற்றவர் சிலர் மண்ணையும் மழையையும் பேசுவதே பிற்போக்கு என்று கருதும் நிலையும் இருக்கிறது; அதுவும் ஏற்கத்தக்கதன்று. குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணக்கற் படுக்கையின்மீது அமைந்தது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கில்லை. வழுக்கையாறுகூட மாரி காலத்தில் மட்டுமே ஆறு என்ற பெயருக்குத் தகுதி பெறுகிறது. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையிலான வடகீழ்ப் பருவ மழையே பிரதான நீர்வளம். அம்மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. நன்னீரின் அடர்த்தி உவர்நீரின் அடர்த்தியினும் சற்றே குறைவு. இதனால் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது நீரியலாளர் கண்ட விதி. மேலே ஓரடி குறையுமாயின் கீழிருந்து உவர்நீர் நாற்பது அடி ஏறிவர முயலும். நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதி நன்னீராயும் ஆழம் செல்லச் செல்ல உவராயும் இருப்பதை ஊரார் அறிவர். இத்தகைய நிலத்தில் விவசாயம் எவ்வாறும் நடைபெற்றிருக்கலாம் என்று எவரும் வாதிட முடியாது. கிணறு இன்றிக் குடாநாட்டில் தோட்டச் செய்கை இல்லை. இவ்வளவையும் இயற்கை விதித்தது.

கிணற்றை எவர் வெட்டுவது, எவர் இறைப்பது, விளைவை எவர் கொள்வது என்பவற்றை இயற்கை விதிக்கவில்லை.

ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் பெருஞ்சந்தையாக விளங்கியது. புகையிலையோ பெரும் உழைப்பை விழுங்கும் பயிர். மண்ணைக் கொத்திப் பதப்படுத்தல் வேண்டும். பட்டி அடைத்தும் குழை தாழ்த்தும் பசளையிடல் வேண்டும். கன்றுதோறும் நீர் ஊட்டல் வேண்டும். துலாவில் ஏறி மிதிக்க ஒருவர், பட்டையைப் பிடித்து ஊற்ற ஒருவர், வாய்க்காலைத் திருப்பிப் பாத்தி கட்ட ஒருவர் என விடியுமுன் தொடங்கும் வேலை அது. இவ்வேலையில் பெரும்பங்கை, உடைமையாளரின் குடிமைகளாகவும் அடிமைகளாகவும் கட்டுண்டிருந்த சாதியினரே செய்தனர். அந்நியச் சந்தையொன்று ஒரு பயிரை வேண்டியது. பயிர் மலிவான உழைப்பை வேண்டியது. சாதியமைப்பு அவ்வுழைப்பை வழங்கியது. புகையிலையாற் பெற்ற செல்வம் அச்சாதியமைப்பை மேலும் இறுக்கியது. இலங்கையில் அடிமை முறை 1844ஆம் ஆண்டில் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் விடுவிக்கப்பட்டவருக்குக் காணி கொடுக்கப்படவில்லை. காணியற்றவன் வேறெங்கு செல்வான்? முன்பு அடிமையாய் மிதித்த துலாவையே அதன்பின் கூலியாய் மிதித்தான்.

சிறு கமக்காரர் தம் மனைவி மக்களோடு தாமே இறைத்து, தாமே கொத்திப் பயிர் செய்ததும் உண்மையே. அவர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பது நேர்மையாகாது. ஆயினும் 'யாழ்ப்பாணத்தவனின் உழைப்பு' என்று மேடையிற் புகழப்படும்போது மேடையிலிருப்போரின் நினைவுக்கு வருபவர் எவர் என்பதே வினா. துலா மிதித்தவரும் பனை ஏறியவரும் அப்புகழுரையில் இடம்பெறுவதில்லை.

காணி உறுதிகளைப் படித்துப் பார்த்தவருக்கு இவ்விடயம் மேலும் தெளிவாகும். குடாநாட்டு உறுதியொன்றில் பரப்புக் கணக்கோடு, எல்லைகளோடு, கிணற்றிற் பங்கும் வழிவாய்க்காற் பாவனையும் எழுதப்பட்டிருக்கும். ஒரே கிணற்றைப் பலர் முறைவைத்து இறைப்பர். எந்நாள் எவருடையது என்பது தலைமுறை தலைமுறையாக வழங்கும் உரிமை. நீர் இங்கு உறுதியில் எழுதப்பட்ட சொத்து. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தரால் தொகுக்கப்பட்ட தேசவழமையோ, காணி விற்கப்படும்போது வெளியார் வாங்குமுன் தாம் வாங்கிக்கொள்ளும் உரிமையைப் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் அளித்தது. சீதனம் காணியைக் குடும்பத்துக்குள் சுழலச் செய்தது. இவற்றின் விளைவாக, ஒடுக்கப்பட்ட சாதியினன் ஒருவன் பணம் சேர்த்தாலும் அப்பணம் காணியாகவும் கிணறாகவும் மாறுவது அரிதாயிற்று. நீர்ப்பற்றாக்குறை என்று சொல்லப்படுவதில் எவ்வளவு வானம் தந்தது, எவ்வளவு உறுதிப்பத்திரம் தந்தது என்று பிரித்தறிய வேண்டாமா?

தோட்டக் கிணற்றை விட்டுக் குடிநீர்க் கிணற்றுக்கு வரும்போது புவியியல் விளக்கம் முற்றாகவே நொறுங்கிவிடுகிறது. குடாநாட்டின் கிராமங்கள் பலவற்றில், தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் நற்றண்ணீர்க் கிணற்றின் கட்டில் ஏறக்கூடாது. குடத்தோடு அப்பால் நின்று, உயர்சாதியார் ஒருவர் வந்து அள்ளி ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும். நிலத்துக்கு அடியில் இருபாலார்க்கும் ஒரே நீர்வில்லை. அங்கே வேலி இல்லை, சாதி இல்லை. நீர் நிலமட்டத்துக்கு வந்ததும் சாதியைப் பெற்றுவிடுகிறது. கே. டானியல் தமது நாவல் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டமை காரணமின்றியன்று. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. நிறைவேறியும், 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் செல்லவேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் ஆலய வாயிலில் போராட வேண்டியிருந்தது. இவற்றுள் எதனை மழைவீழ்ச்சி அட்டவணையைக் கொண்டு விளக்கலாம்?

கல்வி பற்றிய பகுதியே மேடைக் கருத்தின் மகுடமாகக் கொள்ளப்படுகிறது. வரண்ட மண் கல்வியைத் தந்ததெனில், மன்னாரும் முல்லைத்தீவும் அம்பாந்தோட்டையும் அதனை ஏன் பெறவில்லை? அவையும் வரண்ட நிலங்களே. அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் நிலைகொண்டனர். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினர். அவர்கள் எங்கு பணிபுரியலாம் என்பது ஆங்கில ஆட்சியின் அனுமதியில் தங்கியிருந்தது. பின்னர் அவ்வாட்சிக்கு எழுதுவினைஞர் தேவைப்பட்டனர். மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் கந்தோர்களுக்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். பள்ளியும் சந்தையும் ஒருங்கே கிட்டிய இடத்திலேயே கல்வி வளர்ந்தது. அதிலும் எல்லோரும் பங்குபெறவில்லை. 1920களின் இறுதியில் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கும் முயற்சி எழுந்தபோது அதனை எதிர்த்தோர், தம் பிள்ளைகளின் அருகே பிறசாதிப் பிள்ளைகள் வாங்கில் அமர்வதையே எதிர்த்தனர். வரண்ட மண் எல்லோரையும் ஒருங்கே கல்வியை நோக்கித் துரத்தியிருந்தால், சிலரை மட்டும் நிலத்தில் குந்தவைத்தது எது?

உத்தியோகத்தின் வழி வந்த மணியோடர்ப் பணம் பின்னர் என்ன செய்தது என்பது தனியே ஆராயத்தக்கது. ஈண்டு ஒன்றை மட்டும் சுட்டலாம். அப்பணத்தில் பெரும்பகுதி கைத்தொழிலாகவில்லை. சீதனக் காணியாகவும் கல்வீடாகவும் ஆயிற்று. காணி விலை விளைவின் பெறுமதியைக் கடந்து ஏறியது. காணிகள் பரப்பு, குழி என்று துண்டுபட்டன. வெளியே உழைத்த பணம் குடாநாட்டின் நிலத்தோற்றத்தையே மாற்றிற்று என்றால் மிகையாகாது.

மனிதர் மண்ணை மாற்றும் இக்கதையைத்தான் மேடைக் கருத்து அறவே காண்பதில்லை. 1950களிலிருந்து மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் பரவத் தொடங்கியது. துலா ஒரு பகலில் இறைத்ததை இயந்திரம் சொற்ப நேரத்தில் இறைத்தது. 1970இல் பதவிக்கு வந்த அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது மிளகாயும் வெங்காயமும் பொன் விளைந்தாற்போல விலைபோயின. செம்பாட்டு மண்ணில் இரசாயனப் பசளை கொட்டப்பட்டது. 1977இன் திறந்த பொருளாதாரம் அவ்விலையைச் சரித்தது. மண்ணில் இட்ட பசளையைத் திருப்பி எடுக்க எவராலும் முடியவில்லை. சுண்ணக்கல்லின் வெடிப்பு மழையை மட்டும் தெரிந்தெடுத்து உள்ளே விடுவதில்லை. பல கிணறுகளின் நீரில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லையைக் கடந்திருப்பதை 1980களின் ஆய்வுகளே காட்டின. கொழும்பில் எடுக்கப்பட்ட வர்த்தகத் தீர்மானமொன்று வலிகாமத்துத் தாய் பிள்ளைக்குக் கொடுக்கும் தண்ணீரில் வந்து நின்றது. பிற்காலத்தில் சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தமை நீதிமன்றம் வரை சென்றது. 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிட்டது. காங்கேசன்துறையில் சீமெந்துக்காகக் கல் அகழப்பட்ட குழிகளும் இவ்வரலாற்றைச் சேர்ந்தவையே.

போரும் அவ்வாறே மண்ணின்மீது எழுதிற்று. வலிகாமம் வடக்கின் வளமான செம்மண் நிலத்திலிருந்து 1990இல் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அது உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. இழப்பு எல்லோருக்கும் பொதுவானது என்றே பேசப்பட்டது. ஆனால் உறவினர் காணியும் வெளிநாட்டுப் பணமும் உடையோர் முகாம்களை விட்டுப் படிப்படியாக வெளியேறினர். 2009இல் போர் முடிந்த பின்னரும் முகாம்களில் எஞ்சியிருந்தோருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த காணியற்றவர்களே. திரும்பிச் செல்வதற்கு அவர்களுட் பலரின் பெயரில் உறுதி இருக்கவில்லை. வாங்குவதற்குக் காணி கிடைத்தாலும் அயலார் விற்க மனம்கொள்ளவில்லை.

இதே வாதம் இப்போது புதிய உருவில் எழுந்திருக்கிறது. குடாநாட்டின் நீர் கெட்டுவிட்டது, ஆகவே இரணைமடுக் குளத்திலிருந்து நீர் கொண்டுவரப்பட வேண்டும் என்று 2010ஆம் ஆண்டளவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியோடு திட்டம் வகுக்கப்பட்டது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். எதிர்ப்பைக் கேட்ட யாழ்ப்பாணத்தார் சிலர் அதனைப் பிரதேசவாதம் என்றனர். தமிழனுக்குத் தமிழன் தண்ணீர் மறுப்பதா என்று கேட்டனர். கிணற்றுக் கட்டின் அருகே குடத்தோடு நின்றோரின் பேரப்பிள்ளைகள் இவ்வினாவைச் செவிமடுத்திருப்பின் என்ன நினைத்திருப்பரோ! குளத்தின் நீரிலும் பங்கு பெற்றோர், பெறாதோர் என்ற பிரிவு உண்டு. 1977 வன்செயல்களின் பின் வன்னிக்கு வந்த மலையகத் தமிழருட் பலர் வாய்க்கால் எட்டாத மேட்டு நிலங்களிலேயே குடியமர்த்தப்பட்டனர். விவசாயிகளின் எதிர்ப்பு நீரைப் பற்றியதாக இருந்தது. அம்மேட்டுநில மக்களோ இருதரப்பாரின் பேச்சிலும் இடம்பெறவில்லை.

ஈற்றில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் அமைக்கப்பட்டு 2024ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மாறாத விதி என்று காட்டப்பட்ட வரட்சியை இயந்திரமும் கடன்பணமும் கடந்துவிட்டன. இனி அக்குழாய் எவ்வெவ் வீதிகளால் முதலிற் செல்லும், எக்குடியிருப்பின் எல்லையில் நிற்கும், இணைப்புக் கட்டணத்தை எவரால் செலுத்த முடியும், உறுதியற்ற காணியில் வாழ்பவர் எக்கடதாசியைக் காட்டி விண்ணப்பிப்பார் என்பனவே கேட்கப்பட வேண்டியவை. இவற்றுக்குச் சுண்ணக்கல்லிடம் விடை இல்லை.