மஞ்சள் விளக்கை அணைத்தால் போதுமா?

சிறுசேரி சிப்காட் வாசலில் காலையில் கம்பெனி வேன்களும் டாக்சிகளும் வரிசை கட்டுகின்றன. பஸ்சுக்கு நிற்பவர்கள் பாடு, வருகிற புகையை வாங்கிக் கொள்வதுதான்.

டிரைவருக்கு எதிரே எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால், "ஸ்கேனர் போட்டு அழிச்சுட்டேன் சார், போங்க" என்று அனுப்பும் மெக்கானிக்குகள் உண்டு. சபாஷ்! அழிந்தது கோளாறு அல்ல, அதன் பெயர்தான்.

ஸ்டீயரிங் அடியில் 16 முனை சாக்கெட் இருக்கிறது. பெட்ரோல் காரில் அங்கே 'பி 0420' என்று கோட் வந்தால், நச்சு வாயுவைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வலுவிழந்துவிட்டதாகச் சந்தேகம். அதன் முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார் உண்டு. முன்னது துடிப்பது போலவே பின்னதும் துடித்தால், கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று வண்டியின் கம்ப்யூட்டர் எழுதி வைக்கும். விளக்கு விட்டு விட்டு எரிந்தால் இன்னும் ஆபத்து. எஞ்சினில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே பொசுக்கிவிடும். டிரைவர் கைக்காசுதான் ஆயிரக்கணக்கில் போகும்.

கோடை அழித்தால் 'ரெடினஸ்' என்ற பதிவும் அழியும். வண்டி கொஞ்ச நாள் ஓடிச் சுயசோதனை முடித்தால்தான் அது திரும்ப வரும். கலிபோர்னியாவில் இந்தப் பதிவு நிறையாத வண்டிக்குப் புகைச் சோதனையில் பாஸ் கிடையாது.

இங்கே 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பி.எஸ்.6 வந்தும், புகைக் குழாயில் குழலை விட்டுப் பார்ப்பதோடு சோதனை முடிகிறது. தெரு மெக்கானிக்கிடம் இருக்கும் ஸ்கேனரைச் சோதனை மையத்திலும் சொருகிப் பார்க்கச் சொல்ல அதிகாரிகளுக்கு என்ன தயக்கம்?