தறிக்குழியில் வடியாத வெள்ளம்

மழை விட்ட மறுநாளே ஊர் சொல்லிவிடுகிறது: "தண்ணி வடிஞ்சிடுச்சு, இனி ஒண்ணும் பயமில்லை." தெருவில் வண்டி ஓடுகிறது, பள்ளிக்கூடம் திறக்கிறது, தொலைக்காட்சிக்காரர்கள் வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள். தண்ணீர் வடிந்தால் வெள்ளம் முடிந்தது என்ற இந்த நம்பிக்கை தவறு. திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி போன்ற நெசவு ஊரில் அது அநியாயமும்கூட.

ஆரணியிலும், சுற்றியுள்ள சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு, தேவிகாபுரத்திலும் குழித்தறியை நம்பித்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. தரையில் குழி தோண்டி, விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே விட்டு மிதித்து நெய்கிறார்கள். கோடையில் மண்ணின் ஈரம்தான் இழை அறாமல் காக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதே ஈரம் பகையாகிவிடும். ஜவ்வாது மலையில் பெய்த மழை கமண்டல நாகநதியில் இறங்கி ஆரணிக்கு வரும் நாட்களில், கரை உடைய வேண்டியதே இல்லை. ஊறிப்போன மண்ணிலிருந்தே குழிக்குள் தண்ணீர் கசியும்.

ஒரு கார்த்திகையில், மழை நின்ற நான்காம் நாள், அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல் காய்ந்து, கோலம்கூடப் போட்டிருந்தார்கள். உள்ளே அந்த வீட்டு அம்மா குழியில் இறங்கி நின்று, சொம்பால் மொண்டு வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து பதினோராவது வாளி என்றார். அவர் நிமிர்வதற்குள் மூலையில் மறுபடி நீர் கோத்தது. பாதி நெய்த அரக்குச் சேலையின் மேல் பழைய வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு இழை தொய்ந்து கிடந்தது, சேலையில் பூ விழவைக்கும் ஜக்கார்டு அட்டைகள் நமத்துப்போயிருந்தன. "ஜரிகை கறுத்துட்டா கூலியில பிடிச்சுக்குவாங்க சார்," என்றார் கணவர். "சேலைய அறுத்துக் குடுத்தாத்தான் காசு." வாசல் காய்ந்தாலும், பாவை நீட்டிக் காயவைக்கும் அளவுக்குத் தெரு இன்னும் உலரவில்லை. வாரக் கணக்கில் தறி நின்றது. அந்த வீட்டைத் தண்ணீர் வடிந்த வீடு என்றுதான் ஊர் சொல்லும்.

நிவாரணமும் இதே நம்பிக்கையில்தான் நடக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். நாடே அந்தப் பக்கம் திரும்பியது, திரும்பத்தான் வேண்டும். அப்போது விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் இரண்டு நாட்களுக்கு மேல் மழைநீர் சூழ்ந்து வாழ்வாதாரம் இழந்த குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் அறிவித்தார்கள். தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்பதே அளவுகோல். தறி எத்தனை நாள் நின்றது என்று கேட்பார் இல்லை. பேரிடர் நிவாரண நிதி விதிகளில் கைத்தறிக்கும் இடம் உண்டு: சேதமான கருவிக்கு 5,000, கெட்டுப்போன நூலுக்கும் துணிக்கும் 5,000. தறி உடையவில்லை, நூலும் கெடவில்லை, ஆனால் நெய்ய முடியவில்லை என்றால் அந்த விதியில் ஒன்றும் இல்லை.

வேலை நின்ற நாளுக்கெல்லாம் அரசு எப்படிக் கொடுக்கும் என்று கேட்பார்கள். மீனவர்களுக்குக் கொடுக்கிறதே! மீன்பிடித் தடைக்காலமான 61 நாட்களுக்குக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறார்கள். படகும் வலையும் நன்றாகத்தான் இருக்கின்றன, தொழில் நடக்கவில்லை, அதற்காகத் தருகிறார்கள். அது நியாயம். அந்த நியாயம் நெசவாளிக்கு மட்டும் ஏன் இல்லாமல் போனது?

குழியை மூடிவிட்டு மேடைத்தறி போடலாமே என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. தாழ்ந்த கூரை வீட்டில், கடன் வாங்கிப் பிழைப்பவர் அதற்கு எங்கே போவார்? முதலில் அதற்குப் பணம் தரட்டும், பிறகு பேசலாம்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தின் சேந்தமங்கலத்தில், ஓணத்துக்கென நெய்து வைத்திருந்த கைத்தறித் துணிகள் சேற்றில் மூழ்கின. கறைபட்ட சேலைகளை வெளுத்துச் 'சேக்குட்டி' பொம்மைகளாக்கி விற்று அந்த நெசவாளர்களுக்குக் கைகொடுத்தார்கள். தண்ணீர் சில நாளில் போய்விட்டது. தறிகள் எழுந்து நிற்க மாதங்கள் ஆயின. அங்கே துணி சேற்றில் கிடந்ததால் ஊர் உலகம் பார்த்தது. ஆரணியின் நஷ்டம் வீட்டுக்குள், குழிக்குள் கிடக்கிறது.

அடுத்த மழைக்குக் கணக்கெடுக்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசலில் நின்று சுவரில் தண்ணீர்க் கறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். உள்ளே வாருங்கள், குழிக்குள் கைவிட்டுப் பாருங்கள், தறி ஓடாத நாட்களை எழுதிக்கொள்ளுங்கள்.