காற்றைக் கவனிக்கும் கண்கள்



ஐப்பசி பிறந்துவிட்டால் நம் செட்டிநாட்டுச் சீமையில் எல்லார் பார்வையும் வானத்தை நோக்கியே இருக்கும். ஊருணி நிறைய வேண்டும். கண்மாய் பெருக வேண்டும். கிணற்றில் நீர் ஊற வேண்டும். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத இந்தப் பூமிக்கு வடகிழக்குப் பருவமழைதான் ஆண்டு முழுமைக்குமான படியளப்பு. ஆதலால் மழையை அருட்கொடையாகவே பார்த்துப் பழகியவர்கள் நாம். புயலோ கடற்கரையோரத்தாரின் கவலை. தொண்டிக்கு வரலாம், கோட்டைப்பட்டினத்துக்கு வரலாம், காரைக்குடிக்கு ஏது புயல் என்னும் எண்ணம் நம்மிடையே நெடுநாளாக வேரூன்றியிருந்தது.

2018 நவம்பர் 16 ஆம் நாளின் விடியற்காலை அந்த எண்ணத்தை வேரோடு பிடுங்கி எறிந்தது.

அன்று நள்ளிரவுக்குப் பின் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கஜா புயல் கரையேறியது. கரையேறிய புயல் கரையோடு ஓய்ந்துவிடவில்லை. திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களைச் சிதைத்துவிட்டுப் புதுக்கோட்டைக்குள் புகுந்தது. நம் சிவகங்கை மாவட்டத்தையும் உலுக்கியது. பிறகு திண்டுக்கல் வழியாகக் கேரளத்தைக் கடந்து அரபிக் கடலில் இறங்கியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட தென்னந்தோப்புகள் தரையில் கிடந்தன. ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துப் பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்தன. கடலைக் கண்ணால் கண்டறியாத சிற்றூர்கள் பல நாட்கணக்கில், சில வாரக்கணக்கில் இருளில் மூழ்கின.

எச்சரிக்கை இல்லாமலா இது நடந்தது? இல்லை. வானிலை ஆய்வு மையம் பல நாட்களுக்கு முன்பே எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கையில் புதுக்கோட்டையின் பெயரும் இருந்தது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் நிவாரண முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். 1977 நவம்பர் 12 அன்று இதே நாகைக் கரையைத் தாக்கிய புயல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கஜாவில் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஓர் உயிர் போனாலும் பேரிழப்புதான். ஆயினும் இவ்விரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரத்தில் முன்னறிவிப்புக்கும், அதைக் கேட்டு நடந்தவர்களுக்கும் பெரும் பங்கு உண்டு.

சம்பளம் பெறாத காவலர்கள்

கஜா நெருங்கி வந்த நாட்களில் வானிலைத் துறையினரோடு இன்னொரு கூட்டத்தாரும் கண்விழித்திருந்தனர். மழையின் மீதும் காற்றின் மீதும் கொண்ட ஆர்வம் ஒன்றையே கூலியாகக் கொண்டவர்கள் அவர்கள். 'தமிழ்நாடு வெதர்மேன்' என்று பெயர் பெற்ற பிரதீப் ஜான் அவர்களுள் ஒருவர். அவர் வானிலைத் துறையின் அலுவலர் அல்லர். 1996 ஜூன் மாதத்தில் சென்னையில் விடாது கொட்டிய மழையே தம்மை இந்த வழிக்கு இழுத்தது என்று அவரே கூறியிருக்கிறார். செயற்கைக்கோள் படங்கள், காரைக்கால் ராடார் காட்டும் மேகத் திரள்கள், பல நாட்டுக் கணினிகள் கணித்துத் தரும் பாதைகள் ஆகியவற்றையெல்லாம் பார்த்து, எளிய சொற்களில் மக்களுக்கு எடுத்துரைப்பது அவர்களின் வழக்கம். இத்தகைய ஆர்வலர்கள் இன்று ஊருக்கு ஊர் தோன்றியிருக்கின்றனர்.

இவர்களின் சிறப்பு எதில் இருக்கிறது? ஆரூடம் சொல்வதில் அன்று. நேற்றுச் சொன்னது இன்று மாறினால், மாறியது என்று ஒளிக்காமல் சொல்வதில் இருக்கிறது.

கஜாவின் கதையே இதற்குச் சான்று. 2018 நவம்பர் 11 அன்று அது புயலாக வலுப்பெற்றபோது கடலூருக்கும் ஆந்திரத்தின் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே கரையைக் கடக்கும் என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்று திருத்தப்பட்டது. முடிவில் வேதாரண்யத்தின் அருகே வந்து சேர்ந்தது. 'சென்னைக்கு வரும் என்றார்கள், பிறகு தெற்கே என்றார்கள். இவர்களுக்கு என்ன தெரியும்?' என்று நம்மில் பலர் கைகொட்டிச் சிரித்திருப்போம்.

சிரிப்பதற்கு முன் சற்றே சிந்திக்க வேண்டாமா? புயல் தன் விருப்பப்படி நடப்பதில்லை. ஓடும் நீரில் மிதக்கும் சுழியைப் போல அது வானின் மேலடுக்குக் காற்றால் இழுத்துச் செல்லப்படுகிறது. அந்தக் காற்று சிறிது திசை மாறினாலும் கரை சேரும் இடம் நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். ஆதலால்தான் வரைபடத்தில் ஒற்றைக் கோட்டோடு நிறுத்தாமல், போகப் போக விரியும் ஒரு பட்டையையும் வரைகிறார்கள். நாமோ கோட்டை மட்டும் பார்த்து, 'நம் ஊர் அதில் இல்லை' என்று நிம்மதி கொள்கிறோம். பட்டைக்குள் இருக்கும் ஒவ்வோர் ஊரும் ஆயத்தமாக வேண்டும் என்பதே அந்தப் படத்தின் பொருள். திருத்தப்படும் முன்னறிவிப்பைப் பொய் என்று தள்ளக் கூடாது. அதைக் கடைசித் திருத்தம் வரை பின்தொடர வேண்டும்.

கேட்பார் இல்லாத கடிதம்

புயலுக்கு 'சைக்ளோன்' என்று ஆங்கிலத்தில் பெயர் சூட்டியவர் யார் தெரியுமா? கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். அவரும் வணிகக் கப்பலில் பணிசெய்து, பின்னர் ஆர்வத்தின் உந்துதலால் புயல்களை ஆராய்ந்தவர்தாம். கப்பல் தலைவர்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி ஒப்பிட்டுப் பார்த்து, பாம்பு சுருண்டிருப்பதைப் போலக் காற்று சுழல்வதைக் கண்டு, 1848 ஆம் ஆண்டில் அந்தப் பெயரை ஒரு நூலில் வழங்கினார்.

வங்கத்தின் மாத்லா ஆற்றங்கரையில் கானிங் துறைமுகத்தை அமைக்க ஆங்கில அரசு முனைந்தபோது, அந்த இடத்தைக் கடல்நீர் ஒருநாள் புயலோடு ஏறிவந்து அழிக்கும் என்று 1853 இல் தலைமை ஆளுநருக்கு அவர் எழுதினார். எழுதியவர் பதவியில் பெரியவர் அல்லர். ஆகவே எழுத்தும் பெரிதாக மதிக்கப்படவில்லை. துறைமுகம் எழுந்தது. 1867 நவம்பரில் வீசிய புயலில் அது சிதைந்தது. சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. பிடிங்டன் அதைக் காண உயிரோடு இல்லை.

எச்சரிக்கைக்கு இரு முனைகள் உண்டு என்பதை இந்த நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது. ஒரு முனையில் சொல்பவர். மறு முனையில் கேட்பவர். முதல் முனை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் மறு முனை மழுங்கியிருந்தால் பயனில்லை.

அமெரிக்கச் சமவெளியில்

நம் செய்தித்தாள்கள் சூறாவளி என்னும் ஒரே சொல்லால் இரண்டு வேறு காற்றுகளைக் குறிப்பதுண்டு. கடலில் பிறக்கும் புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விரிந்தது, நாட்கணக்கில் வாழ்வது. அமெரிக்காவில் 'டொர்னேடோ' எனப்படும் சுழற்காற்றோ இடிமேகத்திலிருந்து யானையின் துதிக்கையைப் போலத் தரைக்கு இறங்குவது. அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டர். ஆயுள் பெரும்பாலும் சில நிமிடங்கள். ஆனால் அது தொட்ட வீடு தரைமட்டம்.

அங்கே இளவேனிலில்தான் அது மிகுதி. பனிக்காலத்தில் வடக்குச் சமவெளியினர் அதை நினைப்பதே இல்லை. ஆனால் 2021 டிசம்பர் 15 அன்று, அந்தப் பருவத்துக்கே பொருந்தாத வெம்மையும் ஈரமும் தெற்கிலிருந்து ஏறிவர, மேலே கடுங்காற்று விரைய, அயோவா, மினசோட்டா மாநிலங்களில் சுழற்காற்றுகள் வரிசையாக இறங்கின. மினசோட்டாவின் பதிவேடுகளில் டிசம்பர் மாதத்துச் சுழற்காற்று அதுவே முதல் முறை. 'இந்த மாதத்தில் வராது' என்பதும், நாம் சொல்லும் 'இந்த ஊருக்கு வராது' என்பதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள் அல்லவா?

அந்நாட்டில் 1970களிலிருந்தே தன்னார்வக் கண்காணிப்பாளர்களுக்குப் பயிற்சி அளித்து வருகின்றனர். உழவர், காவலர், வானொலி ஆர்வலர் எனப் பலரும் அதில் உண்டு. பெரும் ராடார்கள் இருக்கையில் இவர்கள் எதற்கு? பூமி உருண்டை. ராடாரின் கதிரோ ஏறக்குறைய நேராகச் செல்வது. தொலைவு கூடக் கூட அது தரையை விட்டு உயர்ந்துவிடும். காரைக்கால் ராடாரின் கதிர் காரைக்குடிக்கு மேலே வரும்போது ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கும். மேகத்தின் வயிற்றை அது பார்க்கும்; நம் தெருவில் காற்று என்ன செய்கிறது என்பதைத் தெருவில் இருப்பவர்தாம் சொல்ல வேண்டும்.

நமக்குப் புதிதன்று

காற்றைக் கவனிப்பது நம் முன்னோருக்குப் புதிதா என்ன? கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல் என நான்கு திசைக்கும் நான்கு பெயர் வைத்த மொழி நம்முடையது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் பாய்மரம் விரித்த மரக்காயர்கள் காற்றின் குணமறிந்தே கடலில் இறங்கினர். 'மான்சூன்' என்று உலகம் வழங்கும் சொல்லே பருவம் எனப் பொருள்படும் 'மவ்சிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். அந்தக் கண்களை நாம் எங்கே தொலைத்தோம்?

மீட்டெடுக்க வழி இருக்கிறது. பக்கங்கள் நேராக உள்ள ஒரு பாத்திரம், ஓர் அளவுகோல், ஒரு குறிப்பேடு போதும். மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் பாத்திரத்தை வையுங்கள். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு, வானிலைத் துறை அளக்கும் அதே நேரத்தில், தேங்கிய நீரின் உயரத்தை உங்கள் பிள்ளை அளக்கட்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர். நூறு சதுர மீட்டர் மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஆயிரம் லிட்டர். கூரைநீரை முற்றத்து அண்டாக்களில் பிடித்துவைத்த செட்டிநாட்டு வீடுகளின் அருமை அந்தப் பிள்ளைக்கு அப்போது தானே விளங்கும். வானத்தைக் கணக்கோடு பார்க்கப் பழகிய பிள்ளை வதந்திக்கு எளிதில் மயங்காது.

வதந்தியும் ஒரு புயலே. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது, இன்னும் பெருமழை வரப்போவதாக அமெரிக்காவின் 'நாசா' அறிவித்துவிட்டது என்று ஒரு பொய்ச் செய்தி கைபேசிகளில் பறந்தது. ஏற்கெனவே நொந்திருந்த மக்களை அது இன்னும் கலங்கடித்தது. யார் சொன்னது, எந்த நாளில் சொன்னது என்று கேட்காமல் பிறருக்கு அனுப்பும் விரல், அந்தப் பொய்யில் தானும் பங்கு கொள்கிறது. எச்சரிக்கை விடும் பொறுப்பு வானிலை ஆய்வு மையத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் உரியது. நல்ல ஆர்வலர்களும் இதையே வலியுறுத்துகின்றனர். ஐயம் இருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்னும் எண்ணில் கேளுங்கள்.

புயல் கடந்துபோன ஊர்களில் கைபேசிக் கோபுரங்களும் ஊமையாகிவிடும். அப்போது எந்த ஆர்வலரின் குறிப்பும் வந்து சேராது. ஆகவே காற்று எழுவதற்கு முன்பே தண்ணீரைப் பிடித்துவைப்பதும், விளக்கையும் மருந்தையும் எடுத்துவைப்பதும், ஓட்டு வீட்டிலும் கீற்றுக் கொட்டகையிலும் தனித்திருக்கும் முதியவரை உறுதியான கட்டடத்துக்கு அழைத்துவருவதும் முடிந்திருக்க வேண்டும். பள்ளிவாசல் ஒலிபெருக்கி இதற்கும் பயன்படட்டும். அதன் தாழ்வாரம் எல்லாச் சமயத்தாருக்கும் திறந்திருக்கட்டும். காற்று திடீரென அடங்கினால் வெளியே ஓடாதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடியும் அடிக்கும். அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

எல்லாம் செய்தபின் புயல் திசை மாறிப் போய்விட்டால்? வீணாக அலைந்தோமே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். இரவில் திருடன் வரவில்லை என்பதற்காகக் காலையில் எழுந்து பூட்டைத் திட்டுவார் உண்டோ?

இந்தப் பருவத்தில் உங்கள் வீட்டில் ஒருவரேனும் வானத்தைக் கவனிப்பவராகட்டும். கஜா கடந்த வழியில் சாய்ந்த தென்னைக்குப் பதிலாக நட்ட கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். போன உயிருக்குப் பதிலாக நட எந்தக் கன்றும் இல்லை.